‘அவன்’னே இருக்கட்டும் மேடம்

முப்பது வயதில் ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னதும் பதிப்பாளர் சிரித்துவிட்டார். “கேக் வாங்கணுமா, சால்வை போடணுமா?” என்று கேட்டார். இரண்டும் வேண்டாம், இந்த மேசைக்குப் புதிதாக வந்திருக்கிற மூன்று பேருக்கும் கொஞ்சம் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன் என்றேன். அதுதான் இது. மெய்ப்பு பார்ப்பது எப்படி, ஒற்றுப்பிழையை எங்கே தேடுவது என்பதெல்லாம் இதில் கிடைக்காது. அதை லேஅவுட் செய்யும் மஞ்சுளா ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவாள். ஒரு கதையை யார் சொல்வது என்று முடிவு செய்கிற இடத்தில் நான் செய்த காரியத்தைத்தான் எழுதப்போகிறேன். அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். டீக்கடைப் பேச்சாக உங்கள் காதுக்கு வருவதற்கு முன்னால் என்னிடமிருந்தே வந்துவிடட்டும்.

நம்முடைய ஆண்டுத் தொகுப்பு என்னவென்று இதற்குள் தெரிந்திருக்கும். ஓசூர், கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள் எழுதிய சிறுகதைகள். பின்பக்கங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு போட்டோ, இரண்டு வரி அறிமுகம். அந்தப் போட்டோவை லேசாக நினைக்காதீர்கள். நம் வாசகர்கள் கதையை முதலில் படிப்பதில்லை. புத்தகத்தை வாங்கியதும் கடைசிப் பக்கங்களைத் திருப்பி, “டேய், இது நம்ம லைன்ல இருக்கறவர்டா” என்று கண்டுபிடித்த பிறகுதான் முன்னால் வருவார்கள். கதையின் நடுவில் ‘நான்’ என்ற சொல் வந்தால் விரலைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு மறுபடி பின்னால் போய் அந்த முகத்தைப் பார்ப்பார்கள். இதை நான் பல தடவை நேரில் பார்த்திருக்கிறேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கெட்டது என்று இப்போதுதான் தெரிகிறது. எந்தக் கதை வந்தாலும் அதன் முதல் பக்கத்தை வேறொருவர் வாயில் போட்டு எழுதிப் பார்ப்பேன். பழக்கம் ஒட்டிக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, காவேரிப்பட்டினம் பக்கம் மாங்கூழ் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர் ஒரு கதை அனுப்பியிருந்தார். கம்பெனி பஸ்ஸில் வரும் ஒரு பெண்ணும் பையனும் ஓடிப்போகிறார்கள். பெண் என்ன நினைக்கிறாள், பையன் என்ன நினைக்கிறான், அப்பா என்ன நினைக்கிறார், எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. கதைக்குள் தெரியாதது என்று ஒன்றுமே இல்லை, அதனால் படிப்பதற்கும் ஒன்றும் இல்லை. அதை பஸ் டிரைவரின் கண்ணுக்கு மாற்றலாமா என்று கேட்டேன். தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் தெரிவது மட்டும்தான் கதை. ஒரு நாள் காலையில் கண்ணாடியில் ஒரு சீட் காலியாக இருக்கிறது. அவ்வளவுதான். அவள் எங்கே போனாள் என்று டிரைவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. மறைத்ததெல்லாம் பெரிதாகிவிட்டது. எழுதியவர் போன் செய்து, “இது என் கதையா மேடம்?” என்று சந்தோஷத்தில் இரண்டு தடவை கேட்டார்.

அன்றிலிருந்து எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. மஞ்சுளா எனக்கு ‘ஆங்கிள்’ என்று பெயரே வைத்துவிட்டாள். “ஆங்கிள் அக்கா வந்தாச்சு, இன்னிக்கு யார் கதை தலைகீழா நிக்கப்போகுதோ” என்பாள். அதைக் கேலி என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. பட்டம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த தொகுப்பு வேலையின்போது முனிராஜ் அண்ணனின் கதை வந்தது. உத்தனப்பள்ளிப் பக்கத்துக்காரர், நாற்பதை ஒட்டிய வயது, ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் நிரந்தர ஆப்பரேட்டர். அடக்க ஒடுக்கமான ஆள் என்று கற்பனை செய்துகொள்ளாதீர்கள். கதையோடு வந்த குறுஞ்செய்தியே, “போன வருஷ புக்கு படிச்சன். ரெண்டு கதை தேறுது. அதவிட இது நல்லா இருக்கும்” என்றுதான் இருந்தது.

கதை நன்றாகவே இருந்தது. பிரஸ் மெஷினில் இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கும் இரும்பு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் இரும்புக்கு அடியில் கை இருக்க முடியாது, அதுதான் பாதுகாப்பு. ஆனால் டார்கெட் எட்டாத நாட்களில் ஒரு பொத்தானில் மரக்கட்டையைச் சொருகிவிடுவார்கள். ஒரு கையால் அழுத்தலாம், இன்னொரு கையால் தகட்டை வைத்து வைத்து எடுக்கலாம். வேலை ஓடும். கதையில் ஒருவன் கட்டையைச் சொருகிவிட்டு டீ குடிக்கப் போகிறான். அந்த நேரத்தில் சூப்பர்வைசர் ஒரு கான்ட்ராக்ட் ஆளைக் கொண்டுவந்து அந்த மெஷினில் உட்கார வைக்கிறார். கட்டை இருப்பது அந்த ஆளுக்குத் தெரியாது. இரண்டு விரல் போகிறது. கம்பெனி அவருடைய கவனக்குறைவு என்று எழுதி ஊருக்கு அனுப்புகிறது.

“அவன் கட்டையை எடுத்துச் சொருகினான். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.” இப்படித்தான் எழுதியிருந்தார். அந்த ‘அவனு’க்குப் பெயர் இல்லை, முகம் இல்லை, வீடு இல்லை, கல்யாணம் ஆனவனா என்றுகூடத் தெரியாது. ஓரத்தில் நான் எழுதிய குறிப்பு இன்னும் நினைவில் இருக்கிறது: ‘பாத்திரம் வெறுமையாக இருக்கிறது.’

‘நான்’ போட்டு எழுதிப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்தது. உண்மையாகவே சிலிர்த்தது, அதையும் மறைக்கவில்லை. “நான் கட்டையை எடுத்துச் சொருகினேன்.” ஒரே சொல்லில் கதைக்கு ரத்தம் வந்துவிட்டது போல இருந்தது. ‘நான்’ என்று ஆனபிறகு அவனுக்கு ஒரு வீடு வேண்டுமே. என் கையாலேயே ஒரு வரி சேர்த்தேன்: “அன்றைக்கு வீட்டில் மகள் தட்டை வைத்தாள். சோற்றில் கை வைக்க எனக்கு விரல்கள் இருந்தன.”

அவருக்கு அனுப்பினேன். ஷிஃப்ட்டில் போன் லாக்கரில் இருக்கும். முடிந்து வெளியே வந்ததும் கூப்பிட்டார். பின்னால் வண்டிகள் கிளம்பும் சத்தம்.

“வேணாங்க மேடம். ‘அவன்’னே இருக்கட்டும்.”

“ஏன்ணா?”

“ஏன்னா... அப்பிடியே இருக்கட்டும். அதான் நல்லா இருக்குது.”

“எப்படி நல்லா இருக்குன்னு சொல்லுங்க. நான் ஒத்துக்கறேன்.”

பதிலுக்குக் காத்திருக்காமல் நான் பேசினேன். ‘அவன்’ என்றால் வாசகன் தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பான், ‘நான்’ என்றால் அந்தக் கட்டை வாசகன் கையிலேயே இருக்கும் என்றேன். உலகத்தில் எந்தெந்தக் கதைகள் ‘நான்’ என்று ஆரம்பிக்கின்றன என்று அடுக்கினேன். எம்.ஏ. வகுப்பில் படித்த அத்தனையும் அந்த பைக் ஸ்டாண்டில் நின்ற மனிதரின் காதில் கொட்டினேன்.

“கட்ட யாரு கையில இருக்கும்னு சொன்னீங்க?” என்றார் நடுவில்.

“படிக்கறவங்க கையிலண்ணா.”

“வேற யாரு கையிலயும் போய்டாதே?”

ஜோக் என்று நினைத்துச் சிரித்தேன். அவரும் சிரித்த மாதிரிதான் இருந்தது. மறுபடி காரணம் கேட்டேன். “காரணம்லாம் ஒண்ணும் இல்ல” என்றார். நான் விடவில்லை. கடைசியில், “உங்க இஷ்டம் மேடம். படிச்சவங்க. எனக்கு வண்டி எடுக்கணும்” என்று வைத்துவிட்டார்.

மஞ்சுளா பக்கத்திலேயே இருந்தாள். “அவரு வேணாம்ன்றார்லக்கா?” என்றாள்.

“காரணம் கேட்டேன், சொல்லத் தெரியல அவருக்கு” என்றேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சொல்லத் தெரியாததற்கும் சொல்ல முடியாததற்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று எனக்கு அன்று தெரியவில்லை. விவாதத்தில் ஜெயித்தேன். பக்கம் அச்சுக்குப் போனது.

வெளியீட்டு விழாவுக்கு அவருடைய கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜர் வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, ஓசூரில் பல காலமாக இருப்பவர். வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவர் என்று பதிப்பாளர் அறிமுகம் செய்தார். நல்ல வாசகர் என்று சும்மா சொல்லவில்லை. நம் தொகுப்பை வரிக்கு வரி படித்து வந்திருந்த ஒரே ஆள் அவர்தான். என்னைத் தேடி வந்து, “அந்த பிரஸ் ஷாப் கதை மேடம். சோத்துல கை வைக்க எனக்கு விரல்கள் இருந்தன... தூக்கம் போச்சு எனக்கு” என்றார். என் வரி. நான் அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டேன். நான்கைந்து நாற்காலி தள்ளி முனிராஜ் அண்ணன் தட்டில் இருந்த மிக்சரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

சில நாள் கழித்து ஒரு பெண் குரல். “முனிராஜ் வீட்டுக்காரிங்க. அந்தக் கதைய எழுதனது அவரா, நீங்களா?”

“அவர்தாங்க்கா. ஏன்?”

“அப்பறம் ஏன் எங்க பாப்பா தட்டு வெச்சான்னு போட்டிருக்குது? எங்களுக்கு ரெண்டும் பையனுங்க.” என் கையால் சேர்த்த வரி அது. “கேட்ல நிறுத்திட்டாங்க மேடம் அவர. வெசாரணையாம். புக்க மேசை மேல வெச்சிருக்கறாங்களாம்.”

அன்று மதியமே மேனேஜரும் கூப்பிட்டார். குரலில் சங்கடம். “நாளைக்கு நீங்களும் ஒரு தடவை வந்துட்டுப் போனா நல்லா இருக்கும் மேடம். படிச்சுட்டேன், இனி படிக்காத மாதிரி இருக்க முடியாதுல்ல?”

நான் பயப்படவில்லை. சொல்லப்போனால் எனக்குள் ஒரு துள்ளல். காப்பாற்றப் போகிறேன் என்கிற துள்ளல். அவர் முதலில் அனுப்பிய கதை மெயிலில் இருக்கிறதே! ‘அவன்’, ‘அவன்’ என்று பக்கம் முழுக்க இருக்கிறதே! பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, மாற்றியது நான்தான் என்று சொல்லப் புறப்பட்டேன். கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் முனிராஜ் அண்ணன் நின்றிருந்தார்.

“வாங்க ரைட்டரே” என்றார்.

“அண்ணா, ஒண்ணும் கவலைப்படாதீங்க. ஒரிஜினல் எடுத்துட்டு வந்திருக்கேன். நீங்க ‘அவன்’னுதான் எழுதினீங்கன்னு காட்டிடறேன்.”

டீ கிளாஸைப் பலகையில் வைத்தார். “காட்டிட்டு?”

“‘நான்’ நீங்க இல்லன்னு ஆயிடும்ல?”

“ஆயிடும். அப்பறம் ‘அவன்’ யாருன்னு கேப்பாங்க. சொல்லுங்க, யாரு?”

“கற்பனைன்னு...”

“ஏம்மா, அந்தக் கட்டைல ஒரு பக்கம் ஆணி அடிச்ச ஓட்ட இருக்குதுன்னு எழுதியிருக்குறன். கட்ட இன்னும் அங்கதான் கெடக்குது. கற்பனையாம்.”

பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். அந்தக் கட்டையை எல்லோரும் சொருகுவார்கள். வேலை இல்லாதபோது மெஷினின் பேனல் பெட்டி மேலே கிடக்கும். மெஷினுக்கு முதலில் வருகிறவன் எடுப்பான், ஆடிட் வந்தால் கடைசியில் இருக்கிறவன் உருவி ஒளிப்பான். அன்றைக்கு மெஷினில் ஆள் மாறி மாறி உட்கார்ந்தார்கள். “அந்த கான்ட்ராக்ட் ஆளு, மத்தூர்க்காரரு, அவருக்கு வெரலு போனன்னிக்கு அத யாரு வெச்சதுன்னு எனக்கே தெரியாது மேடம். ஷிஃப்ட்ல ஒருத்தனுக்கும் தெரியாது. ஒவ்வொருத்தனும் நான்தானோ நான்தானோன்னு இருக்கறான். அதனாலதான் ‘அவன்’னு எழுதனன். மூஞ்சி வெக்கல. பேரு வெக்கல. மத்தூர்க்காரர் மேல தப்பில்லன்னு மட்டும் தெரிஞ்சா போதும்னு இருந்தன்.”

‘பாத்திரம் வெறுமையாக இருக்கிறது’ என்று நான் எழுதியது ஞாபகம் வந்தது. அந்த வெறுமைக்குள் ஒரு ஷிஃப்டே நின்றுகொண்டிருந்திருக்கிறது.

வேறு எதுவும் தோன்றாமல் ஒரு அசட்டுத்தனம் செய்தேன். “அப்ப ‘நாங்கள்’னு மாத்தலாமாண்ணா, அடுத்த பதிப்புல?”

என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார், கண் கலங்கும் அளவுக்குச் சிரித்தார். “இன்னா மேடம் நீங்க. ஒருத்தன அனுப்பறது பத்தாதா? எல்லாரையும் பஸ் வெச்சி அனுப்பணுமா?”

கேட்டில் கூப்பிட்டார்கள். உள்ளே போனோம்.

மேனேஜரின் அறையில் ஏசி அதிகமாக இருந்தது. புத்தகம் மேசையில். நடுவில் ஒரு ரசீது அடையாளமாக வைக்கப்பட்டிருந்தது. எனக்கு டீ சொன்னார். முனிராஜ் அண்ணனுக்கும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“எனக்கு ஒண்ணுதான் தெரியணும் மேடம். இந்தக் கதையில வர்ற ‘நான்’ யாரு?”

“சார், கதையைச் சொல்கிறவன் வேறு, எழுதுகிறவர் வேறு” என்றேன். இலக்கிய வகுப்பின் முதல் பாடம். இதைவிட உண்மையான வாக்கியம் கிடையாது, அன்று இதைவிட உபயோகமில்லாத வாக்கியமும் கிடையாது.

“நானும் படிச்சிருக்கேன் மேடம்” என்றார் பணிவாக. “ஆனா கீழ பிரஸ் ஷாப்ல ஒரு கட்டை கெடச்சிருக்கு. ஆணி அடிச்ச ஓட்டையோட. அதை வெச்சது கதையைச் சொல்றவனா, எழுதுறவரா?”

பை என் மடியில் இருந்தது. ஜிப்பில் என் விரல். எடுத்துக் காட்டினால் என் மனம் லேசாகிவிடும். அவர் எதைக் காப்பாற்ற எழுதினாரோ அது போய்விடும். முனிராஜ் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தபடியே பேசினார்.

“நான் எழுதனதுதான் சார். நான் வெச்ச கட்டதான்.”

“வேற யாராவது...”

“நான்தான் சார். அதான் ‘நான்’னு போட்டிருக்குதே.” பிறகு, “அப்ப மத்தூர்க்காரர் மேல தப்பில்லன்னு எழுதிடுவீங்கல்ல சார்?” என்றார்.

“பார்க்கலாம்” என்ற மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “மேடம்? வார்த்தை எல்லாம் இவரோடதுதானே?”

“ஆமாம்” என்றேன்.

அந்த ஒரு சொல்லை அவருக்காகச் சொன்னேனா, எனக்காகச் சொன்னேனா என்று எனக்கு இன்று வரை பிரிக்கத் தெரியவில்லை. அவர் விரும்பியபடி சொன்னது நிஜம். அதைச் சொன்னதால் நான் செய்தது அந்த அறையில் யாருக்கும் தெரியாமல் போனதும் நிஜம். ஒரு நொடி எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. எல்லாவற்றிலும் எனக்கு அதிகமாக வெட்கமாக இருப்பது அந்த நொடிதான்.

கிளம்பும்போது மேனேஜர் வாசல் வரை வந்தார். அவர் கெட்டவர் இல்லை, முகம் கறுத்துப்போயிருந்தது. “‘அவன்’னு எழுதியிருந்தா ஒரு கதைன்னு பக்கத்தைத் திருப்பியிருப்பேன் மேடம். இந்த ‘நான்’ என்னை விடல. என்ன எழுத்து!” என்றார்.

ஒரு ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேண்டுமா? அதை வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

முனிராஜ் அண்ணனிடம் ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள். இப்போது அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகா பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறைக்குப் போகிறார். மத்தூர்க்காரர் விஷயத்தைப் பார்க்கலாம் என்றார்களே, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த பிரஸ்களை எடுத்துவிட்டுப் புது மெஷின் போட்டுவிட்டார்கள், ஷிஃப்டும் ஆளுக்கொரு பக்கம் கலைந்துவிட்டது. இதையெல்லாம் எழுதலாமா என்று அவரிடம் இந்தப் பக்கங்களைப் படித்துக் காட்டியே கேட்டேன். அவர் பெயரைத் தவிர மற்ற பெயர்களையும் ஊர்களையும் மாற்றியிருக்கிறேன். “இனிமே யாரயும் புடிக்க முடியாது, எழுதிக்கோங்க. ஆனா அந்த ரெண்டு பையனுங்க மேட்டர எடுத்துடாதீங்க, எங்க வீட்ல அதச் சொல்லித்தான் இன்னும் சிரிக்கறாங்க” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எடுக்கவும் இல்லை.

இலக்கணம் மாதிரி எதையும் உங்களுக்குத் தரும் தகுதி எனக்கு இல்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். கதை யார் வாயால் சொல்லப்படுகிறது என்பதை மாற்றினால் அழகு கூடலாம், கூடும், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அதோடு சேர்ந்து பழியும் இடம் மாறுகிறது. ஒருவர் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுக் காரணம் சொல்லாமல் நின்றால், அந்த மௌனத்துக்குள் யாரோ ஒதுங்கி நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கதவைத் தள்ளாதீர்கள்.

நான் ஏன் இந்த மேசையை விட்டுப் போகிறேன் என்று கேட்டீர்கள். இந்த ஆண்டுத் தொகுப்புக்கு முனிராஜ் அண்ணன் ஒரு கதை அனுப்பியிருக்கிறார். அதில் பிரஸ் ஷாப் இல்லை, கட்டை இல்லை. அடுத்தவர் கதைகளைத் திருத்துகிற ஒருத்தி இருக்கிறாள். “அவள் நல்லவள். வேகமானவள். கேள்வி கேட்கத் தெரிந்தவள், பதில் வரும்வரை இருக்கத் தெரியாதவள்” என்று ஆரம்பிக்கிறது. கடைசியில் ஒரு குளிரான அறையில் ‘ஆமாம்’ என்கிறாள். கீழே ஒரு குறிப்பு: “இதையும் ‘நான்’னு மாத்தணும்னா மாத்திக்கோங்க மேடம்.”

நான் இருக்கிற கதையை நானே திருத்த முடியாது. அதனால் அது உங்கள் மூன்று பேரில் ஒருவர் கைக்கு வரும். எழுத்துப்பிழை இருந்தால் திருத்துங்கள். ‘அவளை’ மட்டும் தொடாதீர்கள். புத்தகம் வந்த பிறகு, கடைசிப் பக்கத்தில் முனிராஜ் அண்ணனின் போட்டோவைப் பார்த்துவிட்டு, இந்த ‘அவள்’ யார் என்று யாராவது இங்கே வந்து கேட்பார்கள். கதைதானே, கற்பனைதானே என்று மழுப்பாதீர்கள். இந்தப் பக்கங்களை எடுத்துக் கொடுங்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ‘நான்’ என்றே எழுதியிருக்கிறேன்.